எண்ணிக்கையை விடப் பிழையே முக்கியம்: குவாண்டம் கணினி இன்று நிற்கும் இடம்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2023ஆம் ஆண்டு டிசம்பரில் ஐ.பி.எம். நிறுவனம் ‘காண்டர்’ என்ற பெயரில் 1,121 கியூபிட்டுகள், அதாவது குவாண்டம் கணினியின் அடிப்படை அலகுகள், கொண்ட ஒரு குவாண்டம் சில்லை வெளியிட்டது. ஓராண்டு கழித்து, 2024 டிசம்பரில், கூகுள் நிறுவனம் ‘வில்லோ’ என்ற தன் சில்லை அறிவித்தது; அதில் இருந்தவை 105 கியூபிட்டுகள் மட்டுமே. முதலாவதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத இந்த இரண்டாவது சில்லைத்தான் துறையறிந்தவர்கள் பலர் பெரிய முன்னேற்றமாகக் கொண்டார்கள். நானும் அப்படியே கொள்கிறேன். அது ஏன் என்பது விளங்கிவிட்டால், குவாண்டம் கணினி இன்று எந்த நிலையில் இருக்கிறது, அதனிடம் நாளை எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பவையும் பெரும்பாலும் விளங்கிவிடும். ஆகவே இன்றைய உரையை அந்த ஒரு கேள்வியைச் சுற்றியே அமைத்துக்கொள்கிறேன்.

நம் கையிலுள்ள கைபேசியானாலும் வானிலையைக் கணிக்கும் மாபெரும் கணினியானாலும், அவை 0 அல்லது 1 என்ற இரண்டு நிலைகளுள் ஒன்றில் மட்டுமே இருக்கக்கூடிய பிட்டுகளைக் கொண்டு இயங்குகின்றன. கியூபிட் என்பது குவாண்டம் இயற்பியலின் விதிகளுக்கு உட்பட்ட பிட். அது 0, 1 ஆகிய இரண்டும் ஒருசேர மேற்பொருந்திய நிலையிலும் இருக்க முடியும். ஆனால் அதை அளந்து பார்த்த கணத்தில் 0 அல்லது 1 என்ற ஒற்றை விடைதான் கிடைக்கும், மேற்பொருந்திய நிலை கலைந்துபோகும். ஒரு கியூபிட்டைக் கூடுதலாகச் சேர்க்கும்போதெல்லாம், மொத்தத் தொகுதியின் நிலையை எழுதிக் காட்டத் தேவைப்படும் எண்களின் எண்ணிக்கை இரண்டு மடங்காகிறது. 50 கியூபிட்டுகளுக்கு ஏறத்தாழ 1,125 லட்சம் கோடி எண்கள் வேண்டும். 300 கியூபிட்டுகளுக்கு வேண்டிய எண்களோ, நாம் காணக்கூடிய பேரண்டத்திலுள்ள அணுக்களின் எண்ணிக்கையையும் விஞ்சிவிடும்.

இந்த இடத்தில்தான் பெரும்பாலான விளக்கங்கள் வழி தவறுகின்றன. ‘குவாண்டம் கணினி எல்லா விடைகளையும் ஒரே நேரத்தில் சோதித்துச் சரியானதைச் சொல்லிவிடும்’ என்று நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். அது உண்மையானால் அந்தக் கணினியால் எந்தப் பயனும் இருக்காது; ஏனெனில் அளந்து பார்க்கும்போது அத்தனை கோடி விடைகளுள் ஏதோ ஒன்று, குலுக்கல் சீட்டுபோல, கையில் கிடைக்கும். குவாண்டம் கணினியின் வலிமை வேறோர் இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு விடைக்கும் அலையின் உயரம் போன்ற ஒரு வீச்சு உண்டு; அந்த வீச்சு நேர்மறையாகவும் இருக்கலாம், எதிர்மறையாகவும் இருக்கலாம். அலைகளைப் போலவே இவை ஒன்றோடொன்று சேர்ந்து வலுப்பெறும், அல்லது ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கச்சேரி தொடங்கும் முன் தம்பூராவுக்குச் சுருதி கூட்டுவதைக் கேட்டிருப்பவர்களுக்கு இது புதிதல்ல: இரண்டு தந்திகளின் சுருதி ஏறக்குறைய ஒன்றாகி, ஆனால் முழுதும் ஒன்றாமல் இருக்கும்போது, ஒலி ஏறியும் இறங்கியும் அலையலையாக வரும். இரு ஒலிகளும் ஒரு கணம் கைகோத்து, மறுகணம் ஒன்றையொன்று அணைத்துவிடுவதால் எழும் விளைவு அது. தவறான விடைகளின் வீச்சுகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்படியும், சரியான விடையின் வீச்சு மட்டும் பெருகும்படியும் ஒரு கணக்கை வடிவமைக்க முடிந்தால், அந்தக் கணக்கில் குவாண்டம் கணினி வெல்லும். அப்படி வடிவமைக்க முடிகிற கணக்குகள் மிகச் சிலவே.

அந்தச் சிலவற்றுள் புகழ்பெற்றது, பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய பீட்டர் ஷோர் 1994இல் கண்டறிந்த வழிமுறை. ஒரு பேரெண்ணை அதன் பகாக் காரணிகளாகப் பிரிப்பதற்கு உரியது அது. இதைக் காகிதம் இல்லாமலே பின்தொடரலாம் என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். 15 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். அதன் காரணிகள் நமக்குத் தெரியாது என்று வைத்துக்கொண்டு, 7 என்ற எண்ணை மீண்டும் மீண்டும் தன்னாலேயே பெருக்கி, ஒவ்வொரு முறையும் 15ஆல் வகுத்து மீதியை மட்டும் குறித்துவருவோம். 7க்கு மீதி 7. 49க்கு மீதி 4. 343க்கு மீதி 13. 2,401க்கு மீதி 1. அதன் பிறகு மறுபடியும் 7, 4, 13, 1 என்றே வரும். நான்கு அட்சரங்களில் ஓர் ஆவர்த்தனம் முடிந்து அடுத்தது தொடங்குவது போல, இந்த மீதிகளின் வரிசைக்கு ஆவர்த்தனம் 4. அதில் பாதி 2. ஏழின் இரண்டாம் அடுக்கு 49. அதற்கு ஒன்று குறைவான 48க்கும் 15க்கும் மீப்பெரு பொது வகுத்தி 3. ஒன்று கூடுதலான 50க்கும் 15க்கும் மீப்பெரு பொது வகுத்தி 5. காரணிகள் இரண்டும் கிடைத்துவிட்டன.

15க்கு இது வீண்வேலைதான். ஆனால் இன்று இணையப் பாதுகாப்பில் பயன்படும் ஆர்.எஸ்.ஏ. மறையாக்கம், ஒரு பேரெண்ணின் காரணிகளை எவராலும் எளிதில் கண்டுபிடிக்க முடியாது என்பதை நம்பியே செய்திகளைப் பூட்டுகிறது. அதன் பொதுவான எண்களுக்கு 617 இலக்கங்கள் உண்டு; அத்தகைய எண்ணின் ஆவர்த்தனம் நினைத்துப் பார்க்க முடியாத நீளமுடையது. மீதிகளை ஒவ்வொன்றாக எழுதிக் கண்டுபிடிக்க எந்தக் கணினியாலும் ஆகாது. வேறு சிறந்த வழிகளைக் கையாண்டும், வழக்கமான கணினிகளைக் கொண்டு 2020இல் காரணிப்படுத்தப்பட்ட ஆர்.எஸ்.ஏ. சவால் எண்ணுக்கு 250 இலக்கங்களே இருந்தன. ஆனால் ஆவர்த்தனம் என்பது அலைக்கே உரிய பண்பு. எல்லா மீதிகளும் மேற்பொருந்திய ஒரு நிலையில், தவறான ஆவர்த்தனங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, சரியானது மட்டும் எஞ்சி ஒலிக்கும்படி ஷோர் தம் வழிமுறையை அமைத்தார். 2001இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் அல்மடன் ஆய்வகத்தில் 7 கியூபிட்டுகளைக் கொண்டு இந்த வழிமுறை முதன்முதலாக நடத்திக் காட்டப்பட்டது. அப்போது காரணிப்படுத்தப்பட்ட எண், நாம் சற்றுமுன் மனக்கணக்காகச் செய்த அதே 15.

ஷோரின் தாள் வெளிவந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் 617 இலக்கங்கள் இன்னும் பத்திரமாக இருப்பதற்குக் காரணம் பிழை. கியூபிட் என்பது உலகிலேயே மிக எளிதாகக் கலைந்துபோகும் பொருள்களுள் ஒன்று. ஐ.பி.எம்., கூகுள் போன்ற நிறுவனங்கள் பயன்படுத்துவன, கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் மீக்கடத்தியால் ஆன மிகச் சிறிய மின்சுற்றுகள். ஜோசப்சன் சந்தி என்னும் மெல்லிய தடுப்பு அவற்றின் உயிர்நாடி. கையால் தொடக்கூடிய அளவுள்ள ஒரு மின்சுற்று முழுவதும் சேர்ந்து ஒரே குவாண்டம் துகள்போல நடந்துகொள்ள முடியும் என்பதை 1984, 1985 ஆண்டுகளில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஜான் கிளார்க், மிஷெல் தெவொரே, ஜான் மார்ட்டினிஸ் ஆகிய மூவரும் சோதித்துக் காட்டினார்கள். அதற்காக 2025ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு அவர்களுக்கு வழங்கப்பட்டது. அந்த ஆராய்ச்சியில் இளம் மாணவராக இருந்த மார்ட்டினிஸ், பிற்காலத்தில் கூகுளின் குவாண்டம் வன்பொருள் குழுவுக்குத் தலைமை ஏற்றார் என்பதை நினைக்கும்போது, அடிப்படை ஆராய்ச்சிக்குக் காலம் எவ்வளவு பொறுமையோடு பதில் சொல்கிறது என்று எனக்கு வியப்பாக இருக்கிறது.

இந்தச் சுற்றுகளை, ஹீலியத்தின் இரண்டு ஐசோடோப்புகளைக் கலந்து இயங்கும் குளிரூட்டியில், வெப்பநிலையின் கீழெல்லையான தனிச்சுழிக்கு மேலே ஒரு கெல்வினில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு வெப்பநிலையில் வைக்க வேண்டும். விண்மீன்களுக்கு இடையேயுள்ள வெற்றுவெளிகூட அதைவிட இருநூறு மடங்குக்கும் மேல் வெதுவெதுப்பானது. அவ்வளவு குளிரிலும், ஜப்பானின் என்.இ.சி. நிறுவனத்தில் யசுனோபு நாகமுரா குழுவினர் 1999இல் செய்த முதல் மீக்கடத்திக் கியூபிட் சில நானோ நொடிகளே தன் நிலையைத் தக்கவைத்தது. இன்று அது நூறு மைக்ரோ நொடி அளவுக்கு வளர்ந்திருக்கிறது. பல்லாயிரம் மடங்கு முன்னேற்றம்தான். ஆனாலும் இரண்டு கியூபிட்டுகளை இணைத்துச் செய்யும் ஒவ்வொரு செயலிலும், நல்ல இயந்திரத்தில்கூட, ஆயிரத்தில் ஒன்று முதல் சில நூறில் ஒன்று வரை பிழை நேர்கிறது. ஆயிரத்தில் ஒன்று என்றே கொண்டாலும், பத்தாயிரம் செயல்கள் கொண்ட ஒரு சிறு கணக்கு ஒரு பிழையும் இல்லாமல் முடிவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 22,000இல் ஒன்று. பயனுள்ள கணக்குகளுக்கோ நூறு கோடிக்கும் மேற்பட்ட செயல்கள் தேவைப்படும். ஆகவே, பிழையோடு கூடிய கியூபிட்டுகளை ஆயிரக்கணக்கில் அடுக்கிக்கொண்டே போவதால் மட்டும் எதுவும் கைகூடாது. காண்டர் சில்லின் 1,121 என்ற எண் பொறியியல் சாதனை என்பதில் ஐயமில்லை. அவ்வளவு கியூபிட்டுகளையும் அவற்றுக்குரிய கம்பிகளையும் ஒரே குளிரூட்டிக்குள் அடக்குவது எளிதன்று. ஆனால் அந்தக் கியூபிட்டுகளின் தரம் கணக்கின் நீளத்தைக் கூட்டவில்லை; ஐ.பி.எம். நிறுவனமே அதன் பிறகு, எண்ணிக்கை குறைந்தும் தரம் உயர்ந்தும் உள்ள 133 கியூபிட்டுகளின் ‘ஹெரான்’ வகைக்குத் தன் கவனத்தைத் திருப்பிக்கொண்டது.

பிழையைத் திருத்துவது எப்படி? தொலைபேசியில் இரைச்சல் மிகுந்தால் ஒரே சொல்லை மூன்று முறை சொல்கிறோம். கேட்பவர் பெரும்பான்மையை வைத்துப் புரிந்துகொள்கிறார். வழக்கமான கணினிகளும் ஏறத்தாழ இப்படித்தான் செய்கின்றன. கியூபிட்டுக்கு இந்த வழி இரண்டு காரணங்களால் அடைபட்டுக் கிடந்தது. முன்பின் அறியாத ஒரு குவாண்டம் நிலையை நகலெடுக்க இயற்கையின் விதியே இடம் தராது என்று 1982இல் நிறுவப்பட்டிருந்தது. நகலெடுக்க முடிந்தாலும், பிழை நேர்ந்ததா என்று பார்ப்பதற்காக அளந்தால், அந்த அளவீடே நிலையைக் கலைத்துவிடும். இதனால் குவாண்டம் கணினி ஒருபோதும் செயல்படாது என்று திறமை மிக்க இயற்பியலாளர்கள் சிலர் நேர்மையாகவே நம்பினார்கள்.

1995இல் அதே ஷோர் வழியைத் திறந்தார். ஒரு கியூபிட்டின் செய்தியை நகலெடுக்காமல், ஒன்பது கியூபிட்டுகளின் கூட்டு உறவில் பரப்பி வைக்கலாம் என்று அவர் காட்டினார். பிழையைத் தேடும்போது ‘உன் மதிப்பு என்ன’ என்று எந்தக் கியூபிட்டையும் கேட்பதில்லை. ‘நீயும் உன் பக்கத்தில் இருப்பவரும் ஒத்திருக்கிறீர்களா’ என்று மட்டும் கேட்கிறோம். தேர்வு அறையில் ஆசிரியர், விடை என்னவென்று பாராமல், அடுத்தடுத்து அமர்ந்திருக்கும் இருவர் விடைகள் ஒன்றாக இருக்கின்றனவா, வேறாக இருக்கின்றனவா என்று மட்டும் அறிந்துகொள்வதாக எண்ணிப் பாருங்கள். இப்படிப் பல இணைகளைப் பற்றித் தெரிந்துகொண்டாலே, பிசகியவர் யார் என்று விடையைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். இந்த ஒத்துப்பார்த்தல்தான் குவாண்டம் பிழைத்திருத்தத்தின் உயிர்.

இன்று பெரிதும் கையாளப்படும் அமைப்பைக் கோலமிடத் தெரிந்தவர்களுக்குச் சொல்வது எளிது. நேர்ப்புள்ளிகளை வரிசைக்கு ஏழாக ஏழு வரிசை வையுங்கள். அவை செய்தியைத் தாங்கும் 49 கியூபிட்டுகள். அவற்றுக்கு இடையே ஊடுபுள்ளிகளையும், ஓரங்களில் சிலவற்றையும் வையுங்கள். அவை ஒத்துப்பார்க்கும் 48 கியூபிட்டுகள். இந்த 97 கியூபிட்டுகளும் சேர்ந்து, பிழை குறைந்த ஒரே ஒரு கியூபிட்டாகச் செயல்பட வேண்டும். அதைத் தருக்கக் கியூபிட் என்கிறோம். ஆனால் இதில் ஒரு கடுமையான நிபந்தனை உண்டு. ஒத்துப்பார்க்க வந்த கியூபிட்டுகளும் பிழை செய்பவையே. அவை திருத்துவதைவிடக் கெடுப்பது மிகுதியாக இருந்தால், கோலத்தைப் பெரிதாக்கப் பெரிதாக்க நிலைமை மோசமாகும். ஒவ்வொரு கியூபிட்டின் பிழையும் ஒரு குறிப்பிட்ட வரம்புக்குக் கீழே இறங்கிவிட்டால், அப்போது மட்டும், கோலம் பெரிதாகும்தோறும் பிழை அடுக்கடுக்காகக் குறையும். இந்த வரம்பு இருக்கிறது என்பதை 1990களின் பிற்பகுதியில் டோரிட் அஹரோனோவ், மைக்கேல் பென்-ஓர், அலெக்ஸி கிட்டேவ் முதலியோர் கணிதமாக நிறுவினார்கள். காகிதத்தில் நிறுவப்பட்ட அந்த வரம்பைச் சில்லின்மேல் தாண்டிக் காட்ட ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பிடித்தன.

வில்லோ செய்தது இதைத்தான். மூன்றுக்கு மூன்று, ஐந்துக்கு ஐந்து, ஏழுக்கு ஏழு என்று கோலத்தை மூன்று அளவுகளில் அமைத்துப் பார்த்தபோது, ஒவ்வொரு படியிலும் தருக்கக் கியூபிட்டின் பிழை 2.14 மடங்கு குறைந்தது. ஏழுக்கு ஏழு அளவில், ஒவ்வொரு திருத்தச் சுற்றுக்கும் நேரும் பிழை 0.143 விழுக்காடு. அந்தத் தருக்கக் கியூபிட், தன்னை உருவாக்கிய கியூபிட்டுகளுள் மிகச் சிறந்ததைக் காட்டிலும் 2.4 மடங்கு நீண்ட காலம் நிலைத்தது. பலவீனமானவை பல சேர்ந்து, தம்முள் வலிமையானதைவிட வலிமையான ஒன்றைத் தந்தன. காண்டரில் கியூபிட்டுகளைச் சேர்த்தபோது பிழைகளும் சேர்ந்தன. வில்லோவில் கியூபிட்டுகளைச் சேர்த்தபோது பிழை குறைந்தது. அந்த 105 என்ற எண்ணை நான் பெரிதாகக் கருதும் காரணம் இதுதான்.

ஆனால் இந்தச் செய்தி வெளியானபோது உலகெங்கும் தலைப்பாக வந்தது வேறொன்று. இன்றைய மிக வேகமான வழக்கமான கணினிகளான மீக்கணினிகளுக்கு, பத்துக்கு அடுத்து இருபத்துநான்கு சுழிகள் சேர்ந்த அத்தனை ஆண்டுகள் ஆகும் என்று மதிப்பிடப்பட்ட ஒரு கணக்கை வில்லோ ஐந்து நிமிடத்துக்குள் முடித்துவிட்டது என்பதே அந்தத் தலைப்பு. அந்தக் கணக்கு, தற்போக்காக அமைத்த ஒரு குவாண்டம் சுற்றின் விளைவுகளிலிருந்து மாதிரி எடுப்பது. அதன் விடையால் எவருக்கும் வேறு பயன் இல்லை, இயந்திரத்தைச் சோதிப்பதற்கென்றே தேர்ந்துகொண்டது. 2019இலும் கூகுள், 53 கியூபிட்டுகளின் ‘சிக்கமோர்’ சில்லைக் கொண்டு 200 நொடியில் செய்ததற்கு மீக்கணினி 10,000 ஆண்டுகள் எடுக்கும் என்று அறிவித்தது. இரண்டரை நாளில் முடியும் என்று ஐ.பி.எம். உடனே மறுத்தது, பின்னர் சீன ஆய்வாளர்கள் வழக்கமான கணினிகளைக் கொண்டே அதைச் சில மணி நேரங்களில் செய்யும் வழியைக் கண்டார்கள். இத்தகைய ஒப்பீடுகளைத் தலைப்பாக்குவது இத்துறைக்கு நன்மையைவிடத் தீமையே மிகுதியாகச் செய்கிறது என்பது என் உறுதியான கருத்து. கேட்கும் மக்கள், நாளை மறுநாள் எல்லாம் மாறிவிடும் என்று எண்ணுகிறார்கள். மாறாதபோது, முழுவதுமே ஏமாற்று என்று எண்ணத் தொடங்குகிறார்கள். இரண்டும் உண்மைக்குப் புறம்பானவை.

எஞ்சியுள்ள தொலைவையும் வில்லோ குழுவினரின் ஆய்வுக்கட்டுரையே வெளிப்படையாகச் சொல்கிறது. ஒரு தருக்கக் கியூபிட்டின் பிழையைப் பத்து லட்சத்தில் ஒன்றாகக் குறைக்க, இப்போதைய தரத்திலேயே, 27க்கு 27 அளவுள்ள கோலம், அதாவது 1,457 கியூபிட்டுகள் தேவைப்படும். ஒரே ஒரு தருக்கக் கியூபிட்டுக்கு இவ்வளவு. அது தவிர, எளிமையான வேறொரு திருத்த முறையைக் கொண்டு நீண்ட நேரம் சோதித்தபோது, ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை, பல கியூபிட்டுகள் ஒன்றாகப் பிசகும் அரிய நிகழ்வு தென்பட்டது. ஒவ்வொன்றாக வரும் பிழைகளுக்கு ஈடுகொடுக்கும் கோலம், கூட்டமாக வரும் பிழைகளுக்கு ஈடுகொடுக்காது. மேலும், வில்லோ ஒரு தருக்கக் கியூபிட்டைக் கெடாமல் காத்துக் காட்டியதே தவிர, பல தருக்கக் கியூபிட்டுகளைக் கொண்டு நீண்ட கணக்கு எதையும் செய்துவிடவில்லை.

கியூபிட்டுகளின் தேவையைக் குறைக்கும் முயற்சிகளும் நடக்கின்றன. 2024இல் ஐ.பி.எம். ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு திருத்தக் குறிமுறையில் 288 கியூபிட்டுகளைக் கொண்டு 12 தருக்கக் கியூபிட்டுகளைக் காக்கலாம். கோல முறையில் அதற்கு ஏறத்தாழ 3,000 தேவைப்படும். ஆனால் புதிய முறையில் கியூபிட்டுகள் அண்டையில் இருப்பவற்றோடு மட்டுமல்லாமல் தொலைவில் இருப்பவற்றோடும் இணைய வேண்டும். சில்லைச் செய்பவருக்கு அது பெரிய தலைவலி. இந்த வழியில் 2029க்குள் 200 தருக்கக் கியூபிட்டுகள் கொண்ட இயந்திரத்தை அமைப்பதாக அந்த நிறுவனம் திட்டம் அறிவித்திருக்கிறது.

மீக்கடத்தி ஒன்றே வழி என்றும் இல்லை. அணுக்களையே கியூபிட்டுகளாகக் கொள்பவர்கள் இருக்கிறார்கள். ஒரே தனிமத்தின் ஒரே ஐசோடோப்பைச் சேர்ந்த அணுக்கள் அனைத்தும் இயல்பாகவே ஒரே மாதிரியானவை என்பதால், அங்கே தொழிற்சாலைக் குறை என்ற பேச்சுக்கே இடமில்லை. லேசர் ஒளியால் பிடித்து வைத்த ருபீடியம் அணுக்களைக் கொண்டு, 2023இல் ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழு 48 தருக்கக் கியூபிட்டுகள் வரை அமைத்துச் சோதித்தது. மின்புலத்தில் மிதக்கும் அயனிகளைக் கொண்டு இயங்கும் இயந்திரங்கள் பிழை மிகக் குறைந்தவை. ஆனால் இவ்விரண்டும் மீக்கடத்தியைவிடப் பல மடங்கு மெதுவானவை. எது வெல்லும் என்று இப்போதே சொல்பவரை நம்ப வேண்டியதில்லை.

இந்தியாவும் இதில் இறங்கியிருக்கிறது. 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை 6,003.65 கோடி ரூபாயில் தேசிய குவாண்டம் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. எட்டு ஆண்டுகளுக்குள் 50 முதல் 1,000 வரை கியூபிட்டுகள் கொண்ட கணினிகளை உருவாக்குவது அதன் இலக்குகளுள் ஒன்று. கணினிப் பிரிவுக்குப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும், குவாண்டம் தகவல்தொடர்புக்குச் சென்னை ஐ.ஐ.டி.யும் மையங்களாக அமைந்துள்ளன. மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் 6 கியூபிட் கொண்ட மீக்கடத்திச் செயலி 2024இல் சோதிக்கப்பட்டது. 6 என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். சற்றுமுன் சொன்னதை நினைவில் கொண்டால், அந்த ஆறின் பிழை எவ்வளவு என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி என்பது விளங்கும்.

இனி, குவாண்டம் கணினி வருவதற்கு முன்பே நாம் செய்தாக வேண்டிய ஒரு வேலையைப் பற்றி. 617 இலக்க ஆர்.எஸ்.ஏ. எண்ணை உடைக்க 2 கோடி கியூபிட்டுகளும் 8 மணி நேரமும் தேவைப்படும் என்று 2019இல் கூகுளின் கிரெய்க் கிட்னியும் சுவீடனின் மார்ட்டின் எக்கெராவும் கணக்கிட்டார்கள். 2025 மே மாதம் அதே கிட்னி, பத்து லட்சத்துக்கும் குறைவான கியூபிட்டுகளைக் கொண்டு ஒரு வாரத்துக்குள் முடியும் என்று மறுகணக்குப் போட்டார். ஆறு ஆண்டுகளில், இயந்திரம் எதுவும் மாறாமலே, கணிதம் திருந்தியதால் மட்டும் தேவை இருபதில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. இன்று மறையாக்கம் செய்து அனுப்பப்படும் செய்திகளை எவரேனும் பதிவுசெய்து வைத்துக்கொண்டு, பதினைந்து அல்லது இருபது ஆண்டுகள் கழித்துத் திறக்க முடியும். ஒருவருடைய நோயைப் பற்றிய குறிப்பு இருபது ஆண்டுகள் கழித்தும் அவருடைய அந்தரங்கமே. நாட்டின் பாதுகாப்பு ஆவணங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் பூட்டை மாற்றும் வேலை இப்போதே நடக்க வேண்டும் என்கிறோம்.

பூட்டு தயாராகவே இருக்கிறது. அமெரிக்காவின் தேசியத் தரநிலை மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் 2016இல் தொடங்கிய நீண்ட தேர்வுக்குப் பின், 2024 ஆகஸ்டில் குவாண்டம் கணினிக்கும் ஈடுகொடுக்கக்கூடிய மூன்று மறையாக்கத் தரநிலைகளை வெளியிட்டது. அவற்றைப் பயன்படுத்தக் குவாண்டம் கணினி எதுவும் தேவையில்லை. சாதாரணக் கைபேசியிலேயே அவை இயங்கும், சில உலாவிகளும் செய்திச் செயலிகளும் ஏற்கெனவே அவ்வகைப் பூட்டுகளுக்கு மாறிவிட்டன. புதிய பூட்டுகளையும் கண்மூடி நம்பிவிடக் கூடாது என்பதற்கு அந்தத் தேர்விலேயே ஒரு சான்று உண்டு: பல ஆண்டுகள் ஆராயப்பட்டு நான்காம் சுற்று வரை வந்த சைக் என்ற முறையை, 2022இல் இரண்டு கணித ஆய்வாளர்கள் சாதாரணக் கணினி ஒன்றில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் உடைத்துவிட்டார்கள். வங்கி, மருத்துவமனை, அரசு அலுவலகம் என்று எல்லா இடங்களிலும் எந்தப் பூட்டு எங்கே இருக்கிறது என்று தேடி மாற்றுவதற்கே பல ஆண்டுகள் ஆகும். குவாண்டம் கணினியைப் பற்றிய பேச்சில் நம் அன்றாட வாழ்வை இன்றே தொடுவது இது ஒன்றுதான்.

எதிர்காலப் பயனைப் பொறுத்தவரை, போக்குவரத்து நெரிசல், பங்குச் சந்தை, செயற்கை நுண்ணறிவு என்று எல்லாவற்றுக்கும் குவாண்டம் கணினி தீர்வாகும் என்ற பேச்சுகளுக்கு இதுவரை உறுதியான சான்று இல்லை. தேடல் கணக்குகளுக்கு லவ் குரோவர் 1996இல் கண்ட வழிமுறை உண்டு. ஆனால் அதன் வேகம் இருபடி மூல அளவுக்கே உயர்கிறது, பிழைத்திருத்தத்தின் சுமை அந்த ஆதாயத்தைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். மிக உறுதியான நம்பிக்கை, இத்துறை தொடங்கிய இடத்திலேயே இருக்கிறது. 1981இல் அமெரிக்க இயற்பியலாளர் ரிச்சர்டு ஃபைன்மன் ஒரு மாநாட்டு உரையில், இயற்கை குவாண்டம் விதிகளின்படி நடக்கிறது, ஆகவே அதைப் போலச் செய்து பார்க்கும் கணினியும் அதே விதிகளின்படி நடக்க வேண்டும் என்று வாதிட்டார். மூலக்கூறுகளையும் பொருள்களையும் கணக்கிட்டு அறிவதே அவர் மனத்தில் இருந்தது.

அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. காற்றிலுள்ள நைட்ரஜனை அமோனியாவாக மாற்றினால்தான் யூரியா போன்ற உரங்கள் கிடைக்கும். நைட்ரஜன் மூலக்கூறின் இரண்டு அணுக்களும் மூன்று பிணைப்புகளால் இறுகக் கட்டுண்டவை. தொழிற்சாலையில் அவற்றைப் பிரிக்க 400 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பமும் நூறு மடங்குக்கும் மேற்பட்ட காற்றழுத்தமும் தேவைப்படுகின்றன. உலகம் செலவிடும் மொத்த ஆற்றலில் ஒன்று முதல் இரண்டு விழுக்காடு இதற்கே போகிறது. சம்பா அறுவடைக்குப் பின் வயலில் விதைக்கும் உளுந்தின் வேரைப் பிடுங்கிப் பார்த்தால் சிறு சிறு முடிச்சுகள் தெரியும்; அவற்றுக்குள் வாழும் பாக்டீரியா அதே வேலையை மண்ணின் வெப்பநிலையிலேயே செய்துவிடுகிறது. அங்கே பணிபுரியும் நைட்ரோஜினேஸ் என்னும் நொதியின் மையத்தில் 7 இரும்பு அணுக்களும் ஒரு மாலிப்டினம் அணுவும், கந்தகம், கார்பன் ஆகியவற்றோடு பிணைந்து கிடக்கின்றன. அந்த இரும்பு அணுக்களின் எலக்ட்ரான்கள் தனித்தனியாக நடப்பதில்லை. ஒன்றின் நிலை மற்றவற்றோடு பின்னியிருப்பதால், இன்றைய கணினிகளில் அந்த மையத்தை நம்பத்தக்க துல்லியத்தோடு கணக்கிடுவது மிகக் கடினமாக இருந்துவருகிறது.

2021இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, ஆயிரத்தில் ஒன்றுக்கு மேற்படாத பிழை கொண்ட 40 லட்சம் கியூபிட்டுகள் இருந்தால், குவாண்டம் கணினி அந்த மையத்தின் ஆற்றலை நான்கு நாளுக்குள் கணக்கிட்டுவிடும். 105 எங்கே, 40 லட்சம் எங்கே என்று தோன்றுவது இயல்பு. ஆர்.எஸ்.ஏ. கணக்கில் பார்த்ததுபோல இந்த எண்ணும் கணிதத்தால் குறைந்துவருகிறது, சில்லின் தரமும் உயர்ந்துவருகிறது. இரண்டும் எங்கே சந்திக்கும் என்பதே அடுத்த பத்து, பதினைந்து ஆண்டுகளின் கதை. அந்த நான்கு நாள் முடிவில் கையில் கிடைப்பது உரம் அன்று. சில ஆற்றல் மதிப்புகள் மட்டுமே. நைட்ரஜன் அந்த இரும்புக் கூட்டின் எந்த அணுவில் முதலில் வந்து ஒட்டுகிறது, மூன்று பிணைப்புகளும் எந்த வரிசையில் தளர்கின்றன என்பதை அந்த மதிப்புகளிலிருந்து வேதியியலாளர்கள் படித்தறிந்து, பிறகு தங்கள் ஆய்வகத்தில் ஒரு புதிய வினையூக்கியைச் செய்து பார்க்கத் தொடங்குவார்கள்.

இதுவரை பொறுமையோடு கேட்டமைக்கு நன்றி. வணக்கம்.